நிழற்படத்தை நீர்வண்ணச் சித்திரமாக்கும் முறை

நமது கூட்டுறவுச் சங்கங்கள் பண்டிகைக் காலங்களில் நாட்காட்டியும், புடவைப் பெட்டிக்கு மேலட்டையும், மஞ்சள் பொட்டலத்துக்கு லேபிளும் அச்சிடுவது வழக்கம். அவற்றுக்குரிய சித்திரத்தைச் சிலர் இணையத்தில் கண்ட இடத்திலிருந்து எடுத்துக் கொள்கின்றனர். அது பிறர் உடைமை என்பதையும், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்பதையும் அவர்கள் எண்ணுவதில்லை. நம் ஊரை நாமே படம் பிடித்து, அதையே நீர்வண்ணச் சித்திரம் போல் மாற்றிக் கொள்ளச் சங்கத்துக் கணினி ஒன்றே போதும். கிம்ப் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது; அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக் கழக மாணவர் இருவர் 1995-இல் எழுதத் தொடங்கியது அது.

பொத்தானை அழுத்துவதற்கு முன் நீர்வண்ணம் என்றால் இன்னதென்று அறிதல் வேண்டும். அவ்வண்ணம் ஒளி ஊடுருவும் தன்மையது. அதில் வெள்ளை பெரும்பாலும் பூசப்படுவதில்லை. பூசாமல் விட்ட தாளே வெள்ளை. ஓவியர் வெளிறிய நிறத்தை முதலில் பரப்பி, அது உலர்ந்தபின் அடர்ந்ததை அதன்மேல் ஏற்றுவர். தாளும் சாதாரணத் தாளன்று. பாவுக்குக் கஞ்சி போடுவதுபோல் அத்தாளுக்கும் பசை ஏற்றியிருப்பர். இல்லையேல் வண்ணம் உள்ளே இறங்கி மங்கிவிடும். இனி மஞ்சள் நீர் சிந்திய வேட்டியை நினைவு கூர்க. கறை உலர்ந்தபின் நடுப்பகுதி வெளிறியும் விளிம்பு அடர்ந்தும் காண்கிறதன்றோ? ஓரம் முன்னதாக உலர்வதால் நீர் ஓரத்தை நோக்கி ஓடிச் சாயத்தையும் உடன் கொண்டு செல்கிறது. நீர்வண்ணச் சித்திரத்தில் ஒவ்வொரு திட்டின் கரையிலும் தோன்றும் மெல்லிய கருங்கோட்டுக்கு இதுவே காரணம். 1997-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் தாளின்மேல் நீர் ஓடும் விதத்தையே கணினியில் கணக்கிட்டு இக்கோட்டைப் பெற்றுக் காட்டினர். நமக்கு அத்தனை கணக்கு வேண்டியதில்லை.

கணினியில் உள்ள நிழற்படம் ஜக்கார்டு வேலைக்கு நாம் வரையும் கட்டத் தாள் போன்றதே. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். கட்டங்கள் மட்டும் இலட்சக் கணக்கில் இருக்கும். நிழற்படத்தில் இலை, கல், தூசி அனைத்தும் ஒரே அக்கறையுடன் பதிந்திருக்கின்றன. ஓவியரின் தூரிகையோ சிறியவற்றை விட்டுவிடும். இவ்விடுதலைச் செய்வது ‘மீடியன்’ என்னும் வடிகட்டி. ஒரு கட்டத்தையும் அதைச் சூழ்ந்த எட்டையும் சேர்த்து ஒன்பதை வெளிச்சத்திலிருந்து இருள் வரை வரிசைப்படுத்தி, நடுவிலுள்ள ஐந்தாவதன் நிறத்தை அந்தக் கட்டத்துக்கு அளிக்கிறது. தனியே நிற்கும் வெண்புள்ளி ஒருபோதும் ஐந்தாவதாக வாராது. ஆகவே மறைந்து போகும். சுவரும் வானமும் சந்திக்கும் இடத்திலோ, எப்பக்கம் பெரும்பான்மையோ அந்நிறமே நிலைக்கும். ஓரம் கூர்மையாகவே இருக்கும். ஒன்பதின் சராசரியை எடுத்திருந்தால் சாயம் கசிந்த கரைபோல் இரண்டும் கலந்திருக்கும். சாதாரண மங்கல் வடிகட்டிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

நாமக்கல் கமலாலயக் குளக்கரையிலிருந்து மலைக்கோட்டையைக் காலை வெயிலில் எடுத்த படம் ஒன்றை வைத்து நாம் சோதித்தோம். (மோகனூரில் 1888-இல் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை ஓவியத்திலும் பெயர் பெற்றவர், அவர் ஊரில் இம்முயற்சியைத் தொடங்கியது நமக்குச் சிறிது கூச்சத்தைத் தந்தது.) முதற்கண் மூலப்படத்தை வேறு பெயரில் பத்திரப்படுத்தி, அடுக்கைப் பிரதி செய்து கொண்டோம். ‘கர்வ்ஸ்’ கருவியால் நிழற்பகுதிகளைச் சற்று வெளிறச் செய்தோம். நீர்வண்ணத்தில் முழுக் கறுப்பு அரிது. பின்பு மீடியன். அளவைக் குறைவாக வைத்தால் படம் நிழற்படமாகவே நிற்கிறது. மிகுத்தால் கோட்டை மதில் பாறையுடன் ஒன்றிவிடுகிறது. மதில் தெரியவேண்டும், பாறையின் பொருக்கு மறையவேண்டும், அவ்விடத்தில் நிறுத்தினோம். படத்தின் அளவுக்கு ஏற்ப இவ்வெண் மாறுமாதலால் எண்ணைச் சொல்லிப் பயனில்லை, கண்தான் அளவுகோல்.

அடுத்து மூலப்படத்தின் இன்னொரு பிரதியில் ‘எட்ஜ்’ வடிகட்டியை இட்டால் கருமையில் வெண்கோடுகள் தோன்றும். நிறத்தை நீக்கித் தலைகீழாக்கினால் வெண்மையில் கருங்கோடுகளாகும். இவ்வடுக்கை ‘மல்டிப்ளை’ முறையில் மேலே வைத்து, அதன் அடர்த்தியை நூற்றுக்கு இருபது அல்லது முப்பதாகக் குறைத்தல் வேண்டும். முன்சொன்ன மஞ்சள் கறையின் கரை இப்போது கிடைத்துவிட்டது. சொரசொரப்பான தாள் ஒன்றைப் படம் பிடித்து, நிறம் நீக்கி, அதையும் அதே முறையில் மேலே போர்த்தினோம்.

இத்தனைக்குப் பின்னும் சித்திரம் உயிரற்றே இருந்தது. நான்கு மூலையும் நிரம்பியிருந்ததே குறை. ‘லேயர் மாஸ்க்’ சேர்த்து, கரடுமுரடான தூரிகையால் ஓரங்களை ஒழுங்கின்றி அழித்து, வானத்தின் பாதியையும் குளத்தில் சில கீற்றுக்களையும் வெறுந்தாளாக விட்டோம். அப்போதுதான் மலை எழுந்து நின்றது. எதை விடுவது என்று முடிவு செய்யும் இவ்வேலையை எந்த வடிகட்டியும் செய்து தராது.

நம் பிரதேசத்துக்கு இது புதிதுமன்று. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் பாராமகால் வழியே பிரயாணம் செய்து, இராயக்கோட்டை முதலிய மலைக்கோட்டைகளைச் சித்திரமாக்கினர். அந்நிலம் பின்னர் நெடுங்காலம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. காட்சியைத் தாளில் விழச் செய்யும் ‘காமிரா அப்ஸ்கியூரா’ என்னும் இருட்டுப் பெட்டி அவர்களிடம் இருந்தது. உருவக் கோட்டைப் பெட்டி தந்தது, வண்ணத்தை அவர்கள் கை தந்தது.

பெயரைக் கண்டு ஏமாறுவோரும் உளர். கிம்பில் ‘வாட்டர்பிக்ஸல்ஸ்’ என்று ஒன்று உண்டு. அது படத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பதே அன்றி நீர்வண்ணம் ஆக்குவதன்று. விலைகொடுத்து வாங்கும் ஃபோட்டோஷாப்பில் ‘வாட்டர்கலர்’ என்றே ஒரு வடிகட்டி உள்ளது. அது நிழலை மிகவும் கருக்கும் இயல்புடையது; ஆகையால் படத்தை முன்னதாகவே வெளிறச் செய்தல் நலம்.

புடவை விஷயத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. மலையும் குளமும் சிறிது மாறினால் எவருக்கும் நஷ்டமில்லை. இளம்பிள்ளைச் சேலையின் கரையை மீடியன் கரைத்துவிட்டால், அல்லது இப்பொழுது வந்துள்ள செயற்கை அறிவுச் சாதனம் இல்லாத புட்டாவை அழகுக்காகச் சேர்த்துவிட்டால், வாங்குபவர் காண்பது ஒன்று, பெறுவது மற்றொன்று. திரும்பி வரும் சேலையின் நஷ்டம் சங்கத்துக்கும், முடிவில் நெய்தவருக்குமே. ஆகவே மேலட்டையில் சித்திரம் இருக்கட்டும். விற்பனைப் பட்டியலில் மாற்றம் செய்யாத நிழற்படமே இடம்பெற வேண்டும். தறியில் அமர்ந்திருப்பவரின் முகம் சித்திரத்தில் வருமானால் அவரிடம் முன்கூட்டியே சம்மதம் பெறுவது மரியாதை.

அச்சுக்கு அனுப்புகையில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பொது வழக்கு. நாலங்குலத்துக்கு ஆறங்குல லேபிளுக்கு 1200-க்கு 1800 கட்டம் தேவை. கணினித் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சகம் நான்கு மையால் காட்டுகிறது. திரையில் ஒளிரும் மயில்கழுத்து நிறம் தாளில் சற்று மங்கும். சோதனைப் பிரதி ஒன்றை அச்சிட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் பார்த்த பின்னரே மொத்தப் பிரதிகளுக்கு உத்தரவு கொடுக்கவும்.