சாவி வாங்குமுன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

சோழவரத்திலிருந்து தடா, திருப்பதி என்று குடும்பத்தோடு கிளம்புபவர்கள், தெரிந்தவரிடம் நாள் வாடகை பேசி கார் எடுப்பது நம் பக்கம் சர்வசாதாரணம். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்பார் கொடுப்பவர். அவர் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் அந்தப் பாலிசி சொந்த உபயோகத்துக்கு எடுத்தது. வாடகைக்கு விட்டாலே நிபந்தனை மீறல்தான்.

நாமே ஓட்டிச் செல்லும் வாடகை காருக்குச் சட்டப்படி கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் வண்டி காரனோடைப் பாலத்தருகே ஒரு பைக்கில் மோதிவிட்டால் என்ன ஆகும்? அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டினாலும், அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். உரிமையாளர் நேரே உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார். வண்டியின் சேதத்துக்கான கிளெய்மும் இழுபறியாகும். சொந்த வண்டியை வாடகைக்கு விட்டார் என்பதற்காக மொத்தமாகக் கைவிரிக்கக் கூடாது என்று 2010-ல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அந்த நியாயத்துக்கு சாஹு டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது ஓட்டுபவரின் உயிர். பாலிசியில் வரும் ரூ.15 லட்சம் கட்டாய விபத்துக் காப்பு உரிமையாளருக்கானது, வாடகைக்கு எடுத்து ஓட்டுபவருக்கு அல்ல. இரவல் பைக்கில் போய் மாட்டுவண்டியில் மோதி இறந்தவரின் குடும்பம் தொடுத்த நிங்கம்மா வழக்கில், 2009-ல் உச்ச நீதிமன்றம், இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், எனவே மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்போதிருந்த 163ஏ பிரிவில் இழப்பீடு கேட்க முடியாது என்றது. உங்கள் பெயரில் தனிநபர் விபத்துப் பாலிசி ஒன்று இருக்கட்டும். எந்த வண்டியில் போனாலும் அது உங்களோடு வரும்.

செயலி வழியாக கார் தரும் கம்பெனிகளில், கூடுதல் பணம் கட்டினால் சேதத்தில் உங்கள் பங்கு இவ்வளவுக்கு மேல் போகாது என்று ஒரு திட்டம் இருக்கும். டயர், அடிப்பாகம், கண்ணாடி இவையெல்லாம் அதில் சேருமா என்று படித்துப் பாருங்கள். குடித்துவிட்டு ஓட்டினாலும், புக்கிங்கில் பெயர் இல்லாத நண்பரிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்தாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மழைக்காலத்தில், தேங்கிய தண்ணீரில் வண்டி அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறிக் கனெக்டிங் ராடு வளைந்தால், இன்ஜின் பாதுகாப்பு தனியாகச் சேர்க்காத பாலிசி அந்தச் செலவை ஏற்காது. எடுக்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் பம்பரின் கீழ்ப்புறம் உட்பட வீடியோ எடுத்து வையுங்கள். பழைய கீறலுக்கு டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

டெபாசிட் தகராறுக்கு இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. பாலிசி உங்கள் பெயரில் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த வாடகை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.