மூலிகைப் பெயர்களும் முன்னோர் நம்பிக்கையும்

ஊரை விட்டு வந்தபோது வேலியோரத்து மூலிகைகளை நாம் கொண்டுவர முடியவில்லை. ஆனால் அவற்றின் பெயர்கள் நம்மோடு வந்துவிட்டன. புதிய இடத்துப் பற்றைக்குள் ஒரு கொடியைக் கண்டதும், "இது எங்கட வளவில் நின்ற முடக்கொத்தான் அல்லவா?" என்று கேட்கிறோம். இப்பெயர்கள் எவ்வாறு வந்தன என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

சில பெயர்கள் மருந்தின் பயனைச் சொல்கின்றன. முடக்கொத்தானுக்கு முடக்கறுத்தான் என்றும் பெயருண்டு. கை கால் முடக்கத்தை அது அறுக்கும் என்று நம் முன்னோர் கருதினர்.

சில பெயர்கள் கண்ணால் கண்டதைச் சொல்கின்றன. கசப்பினால் ஆடு தொடாத இலை ஆடாதோடை. இருமலுக்கு அதை அவித்துக் குடித்த அனுபவம் வீண்போகவில்லை. அவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து உருவாக்கப்பட்டது.

வேறு சில பெயர்களில் நம்பிக்கை மட்டுமே உண்டு. பாம்போடு போரிடும் கீரி ஒரு பூண்டைத் தின்று நஞ்சை முறிக்கிறது என எண்ணி, அதற்குக் கீரிப்பூண்டு எனப் பெயரிட்டனர். உண்மையில் கீரியின் காப்பு அதன் உடலிலேயே இருக்கிறது. நாகத்தின் நஞ்சு பற்றவேண்டிய இடம் கீரியின் தசைகளில் வேறுவிதமாக அமைந்திருப்பதால் நஞ்சு அங்கே ஒட்டுவதில்லை. மனிதருக்கு அக்காப்பு இல்லை.

ஈஸ்வரமூலியும் அத்தகையதே. நஞ்சுண்ட ஈசனின் பெயரைத் தாங்கிய அவ்வேரைப் பாம்புக்கடிக்குக் கொடுத்தனர். பெருமருந்து என்றும் அழைத்தனர். அதன் இனத்துக்குரிய அரிஸ்டொலோக்கியா என்ற கிரேக்கப் பெயருக்கு 'பிள்ளைப்பேற்றுக்குச் சிறந்தது' என்பது பொருள். பூவின் வளைந்த வடிவம் கருப்பையை நினைவூட்டியதும் இந்நம்பிக்கைக்கு வலுவூட்டியது. ஓர் உறுப்பைப் போலிருக்கும் செடி அவ்வுறுப்பின் நோயைத் தீர்க்கும் என்பது ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவிய எண்ணம்.

ஆனால் இவ்வினச் செடிகளிலுள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காக இவ்வினச் செடி கலந்த குளிசைகளை உட்கொண்ட நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. இச்செடிகள் சேர்ந்த மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என 2002இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது.

நம் முன்னோர் அறிவில்லாதவர்கள் அல்லர். நோயின் முன் கைகட்டி நிற்காமல், அன்று கையில் இருந்ததைக் கொண்டு தேடினார்கள். அத்தேடலின் குறிப்பேடுதான் இப்பெயர்கள். அம்மம்மாவிடமும் அப்பாச்சியிடமும் கேட்டு அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

ஆனால் பெயரை மட்டும் நம்பி எதையும் அவித்துக் குடிக்க வேண்டாம். வயலிலோ குடிசையிலோ பாம்பு கடித்தால் கடிவாயை வெட்டாமலும் இறுகக் கட்டாமலும், கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வோம். நஞ்சை முறிக்கும் ஊசி அங்கேதான் உண்டு.