நீக்கப்பட்ட ஏழு சொற்கள்: இந்தோனேசிய சாசனம் உருவான வரலாறு



இருபது கோடிக்கும் அதிகமான முஸ்லிம்கள் வாழும் நாடு இந்தோனேசியா. நமது நாட்டு மலாய்ச் சகோதரர்களின் முன்னோர்களுள் பலர் ஒல்லாந்தர் காலத்தில் அந்தத் தீவுகளிலிருந்தே இங்கு கொண்டுவரப்பட்டனர். ஆயினும் அந்நாட்டின் அரசியலமைப்பை எடுத்துப் பார்த்தால், இஸ்லாம் அரச மதம் என்று அதில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. நாட்டின் தலைவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இது ஏன் என்று நமது வாலிபர்கள் கேட்பதுண்டு. மார்க்கப்பற்று இல்லாதவர்கள் எழுதிய சாசனம் என்று சிலர் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடுவதும் உண்டு. உண்மை அவ்வாறல்ல. அந்தச் சாசனத்தின் முதல் வரைவில் ஷரீஆ பற்றிய வாசகம் இருந்தது. அதை எழுதியவர்களுள் உலமாக்களும் இருந்தனர். அதை நீக்க இணங்கியவர்களுள்ளும் உலமாக்கள் இருந்தனர். 1945ஆம் ஆண்டு மே மாத இறுதிக்கும் ஆகஸ்ட் 18ஆம் திகதிக்கும் இடைப்பட்ட, மூன்று மாதங்களுக்கும் குறைவான காலத்தில் இவை யாவும் நடந்து முடிந்தன.

நீண்ட காலம் ஒல்லாந்தரின் ஆட்சியில் இருந்த அத்தீவுகளை 1942இல் ஜப்பானியர் கைப்பற்றினர். யுத்தத்தில் தோல்வி நெருங்கியபோது, சுதந்திரம் தருவதாக வாக்களித்து, அதற்கான விசாரணைக் குழு ஒன்றை அமைத்தனர். அதன் முதலாவது அமர்வு மே 29இல் ஆரம்பமாயிற்று. தலைவராக இருந்த மருத்துவர் ராஜிமான் வெத்யோதினிங்ராத், அமையப்போகும் அரசின் அடிப்படை யாது என்ற கேள்வியை உறுப்பினர்கள் முன் வைத்தார். கேள்வி சிறியது, ஆனால் அதுவே சபையை இரண்டாகப் பிரித்தது. மக்களில் மிகப் பெரும்பாலானோர் முஸ்லிம்களாக இருக்கையில் அரசும் இஸ்லாத்தின் மீதே எழுப்பப்பட வேண்டும் என்றனர் ஒரு சாரார். பல்வேறு இனங்களும் மதங்களும் கொண்ட நாட்டை ஒரு மார்க்கத்தின் பெயரால் கட்டினால் கிழக்குத் தீவுகள் பிரிந்து போய்விடும் என்றனர் மறு சாரார். அவர்களுள்ளும் முஸ்லிம்களே அதிகம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஜூன் 1ஆம் திகதி சுகர்னோ எழுந்து ஐந்து கோட்பாடுகளை முன்வைத்து உரையாற்றினார். பஞ்சசீலம் என்று இன்று உலகம் அறிந்திருப்பது இதுவே. தேசியம், மனிதநேயம், கலந்தாலோசனை, சமூக நலன், இறைநம்பிக்கை என்பது அவர் சொன்ன வரிசை. இறைநம்பிக்கை ஐந்தாவது இடத்தில் இருந்தது. அது பின்னர் முதலிடத்துக்கு வந்தது என்றால், அதன் பின்னால் இஸ்லாமியத் தலைவர்களின் உழைப்பு இருந்தது.

இணக்கம் காண்பதற்காக ஒன்பது பேர் கொண்ட சிறு குழு அமைக்கப்பட்டது. தலைவர் சுகர்னோ. தேசியவாதிகளின் தரப்பில் முகம்மது ஹத்தா, முகம்மது யமீன், அஹ்மத் சுபார்ஜோ, கிறிஸ்தவரான மராமிஸ் ஆகிய நால்வர். இஸ்லாமியத் தரப்பில் ஹாஜி அகுஸ் ஸாலிம், அபிகுஸ்னோ, அப்துல் கஹார் முஸக்கிர், வாஹித் ஹாஷிம் ஆகிய நால்வர். இவர்களுள் வாஹித் ஹாஷிம், நஹ்ததுல் உலமா இயக்கத்தை நிறுவிய பேரறிஞர் ஹாஷிம் அஷ்அரியின் புதல்வர். பிற்காலத்தில் ஜனாதிபதியாக இருந்த அப்துர்ரஹ்மான் வாஹிதின் தந்தை. ஜூன் 22ஆம் திகதி இந்த ஒன்பது பேரும் ஒரு முன்னுரையில் கையொப்பமிட்டனர். யமீன் அதற்கு ஜகார்த்தா சாசனம் என்று பெயரிட்டார். இறைநம்பிக்கை முதலாவது கோட்பாடாயிற்று; அதனுடன், இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் அதன் ஷரீஆவை நிறைவேற்றும் கடப்பாட்டுடன் என்ற கருத்துடைய வாசகமும் சேர்க்கப்பட்டது. இந்தோனேசிய மொழியில் அது ஏழு சொற்கள்.

ஒப்பந்தம் எழுதப்பட்டதனால் விவாதம் ஓய்ந்துவிடவில்லை. ஜூலை மாதம் இரண்டாவது அமர்வு கூடியது. மலுக்குத் தீவைச் சேர்ந்த கிறிஸ்தவரான லதுஹர்ஹரி, இந்த வாசகம் ஏனைய மதத்தினரைப் பாதிக்கும் என்று 11ஆம் திகதி ஆட்சேபித்தார். முஸ்லிம் உறுப்பினர்கள் இருவரும் தயக்கம் தெரிவித்தனர். மறுபுறம், முஹம்மதிய்யா இயக்கத்தின் தலைவர் கி பாகுஸ் ஹாதிகுசுமோ வேறொரு கோணத்தில் அதிருப்தியுற்றார். பின்பற்றுவோருக்கு மட்டும் என்று வரையறுக்கும் பகுதியை எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய வாதம். நாட்டின் தலைவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று வாஹித் ஹாஷிம் முன்மொழிந்தபோது, அது செய்துகொண்ட இணக்கத்தைக் குலைத்துவிடும் என்று எதிர்த்தவர் அகுஸ் ஸாலிம். இஸ்லாமியத் தரப்பு என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம்; அதற்குள்ளும் இத்தனை கருத்துகள் இருந்தன. இறுதியில் ஜூலை 16ஆம் திகதி, விட்டுக்கொடுங்கள் என்று தேசியவாதிகளை நோக்கி சுகர்னோ கண்ணீர் மல்க வேண்டினார். ஏழு சொற்களும் நின்றன. தலைவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது.

பின்னர் காலம் மிக வேகமாக ஓடியது. ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவிலும் 9இல் நாகசாகியிலும் அணுகுண்டு வீழ்ந்தது. 15இல் ஜப்பான் சரணடைந்தது. வெளிநாட்டு வானொலியைக் களவாகக் கேட்டுச் செய்தியை அறிந்துகொண்ட இளைஞர்கள், இனி ஜப்பானியரின் கையால் சுதந்திரம் வாங்குவது இழிவு, உடனே பிரகடனம் செய்யுங்கள் என்று சுகர்னோவையும் ஹத்தாவையும் நெருக்கினர். மூத்தவர்கள் தயங்கினர். 16ஆம் திகதி விடியுமுன் அவ்விருவரையும் ரெங்காஸ்தெங்க்லோக் என்ற ஊருக்கு இளைஞர்கள் கொண்டு சென்றுவிட்டனர். சுபார்ஜோ சென்று உறுதியளித்து, அன்றிரவே அவர்களை மீட்டு வந்தார்.

அது ரமழான் மாதம். ஜப்பானிய கடற்படை அதிகாரி மயேடாவின் இல்லத்தில் நள்ளிரவுக்குப் பின்னர் அமர்ந்து, சுதந்திரப் பிரகடனத்தைத் தலைவர்கள் எழுதினர். இரண்டே வாக்கியங்கள். பேனாவைப் பிடித்தவர் சுகர்னோ. வாசகங்களைச் சொன்னவர்கள் சுபார்ஜோவும் ஹத்தாவும். ஸஹர் உணவையும் அங்கேயே உண்டனர். சாயுத்தி மெலிக் என்ற வாலிபர் சில சிறு திருத்தங்களுடன் அதைத் தட்டச்சு செய்தார். கையால் எழுதிய தாளை இனித் தேவையில்லை என்று எறிந்துவிட்டனர்! தியா என்ற இளம் பத்திரிகையாளர் அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 1992இல் அவர் அதை அரசிடம் ஒப்படைக்கும் வரை அத்தாள் அவரிடமே இருந்தது. வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு சுகர்னோ தமது வீட்டு முற்றத்தில் பிரகடனத்தை வாசித்தார். மாலை 7 மணிக்கு யூசுப் ரொனோதிபுரோ என்ற வானொலி ஊழியர், ஜப்பானியக் காவலுக்கு மத்தியில் அதை ஒலிபரப்பினார். வானொலி நேயர்களாகிய நாம் அவருடைய பெயரை அறிந்து வைத்திருப்பது தகும்.

அந்த மாலையிலேயே ஹத்தாவின் இல்லத்துக்கு ஜப்பானிய கடற்படை அதிகாரி ஒருவர் வந்தார். கிழக்குப் பிரதேசத்துக் கிறிஸ்தவர்கள் ஷரீஆ பற்றிய அந்த வாசகத்தை ஏற்கவில்லை. அது நீடித்தால் அவர்கள் குடியரசில் சேராதிருப்பதையே விரும்புவர் என்று அவர் கூறியதாக ஹத்தா பின்னர் எழுதினார். அது முஸ்லிம்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது, கிறிஸ்தவரான மராமிஸும் கையொப்பமிட்டிருக்கிறாரே என்று ஹத்தா வாதிட்டார். எனினும் அவருக்கு அமைதியில்லை. வந்தவர் யார் என்பது ஹத்தாவுக்கே நினைவில் இல்லை. இது பற்றி இன்றும் கேள்விகள் எழுப்பப்படுகின்றன. ஆயினும் கிழக்கில் அத்தகைய அச்சம் நிலவியது என்பதற்கு ஜூலை மாதத்து விவாதமே சான்று.

இங்கு ஹத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்கு சுமாத்ராவின் மார்க்க அறிஞர் குடும்பத்தில் பிறந்தவர் அவர், தொழுகையைப் பேணியவர். ஒரு நாட்டைப் பிளவுபடாமல் தொடங்க வேண்டும் என்ற கவலையே அன்றிரவு அவரை வாட்டியது.

ஆகஸ்ட் 18 காலை, அரசியலமைப்பை நிறைவேற்றும் கூட்டம் தொடங்குமுன், கி பாகுஸ், கஸ்மான் சிங்கோதிமெஜோ, ஆச்சே மாநிலத்தின் தெயுகு முகம்மது ஹஸன், வாஹித் ஹாஷிம் ஆகியோருடன் தாம் பேசியதாக ஹத்தா எழுதியுள்ளார். வாஹித் ஹாஷிம் அன்று ஜகார்த்தாவில் இருக்கவில்லை என்று கூறுவோரும் உளர். ஜூலையில் ஒரு சொல்லைக்கூட விட்டுத்தர மறுத்த கி பாகுஸை இணங்க வைப்பதே கடினமாக இருந்தது. இராணுவப் பயிற்சி பெற்றவரும் முஹம்மதிய்யாவைச் சேர்ந்தவருமான கஸ்மான், மூத்தவருக்குரிய மரியாதை தொனிக்கும் உயர்ந்த ஜாவா மொழியில் அவரிடம் பேசினார். இது அவசரத்தில் செய்யும் தற்காலிகச் சட்டம். நிலைமை சீரானதும் மக்கள் பிரதிநிதிகள் கூடி முழுமையான அரசியலமைப்பை எழுதுவர். இப்போது நமது வாசலில் எதிரி நிற்கிறான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கால் மணி நேரத்துக்குள் இணக்கம் ஏற்பட்டது என்கிறார் ஹத்தா. ஏழு சொற்களும் நீக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக இறைவன் ஏகன் என்னும் பொருள்படும் சொற்கள் இடம்பெற்றன. கி பாகுஸ் அதில் தவ்ஹீதைக் கண்டார். தலைவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற விதியும் அன்றே அகற்றப்பட்டது.

ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது, குறைஷியரின் ஆட்சேபத்தால் அல்லாஹ்வின் தூதர் என்ற சொல்லை நீக்க நபி (ஸல்) அவர்கள் இணங்கிய சம்பவம் நமது நினைவுக்கு வரலாம். இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. அங்கு முடிவெடுத்தவர் வஹீ அருளப்பட்ட நபி; இங்கு சாதாரண மனிதர்கள். மேலும், இங்கு விட்டுக்கொடுத்தவர்களுக்கு ஒரு வாக்குறுதி வழங்கப்பட்டிருந்தது. இன்னும் முழுமையான அரசியலமைப்பு பின்னர் ஆக்கப்படும் என்று அதே கூட்டத்தில் சுகர்னோ கூறினார். அந்த வாக்குறுதி என்னவாயிற்று என்று கேட்காமல், அன்றைய தியாகத்தை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது நீதியன்று என்பதே என் கருத்து.

ஒல்லாந்தர் திரும்பி வந்து போரிட்டனர். 1949ஆம் ஆண்டின் இறுதியிலேயே சுதந்திரம் முழுமையாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் மேற்கு ஜாவாவில் கர்தோசுவிர்யோ தனி இஸ்லாமிய அரசைப் பிரகடனம் செய்து ஆயுதம் ஏந்தினார். 1953இல் ஆச்சேயிலும் கிளர்ச்சி மூண்டது. கி பாகுஸ் 1954இல் வபாத்தானார். வாக்களிக்கப்பட்ட சபைக்கான தேர்தல் 1955 டிசம்பரில்தான் நடந்தது. அச்சபையில் கஸ்மான் எழுந்து, 1945இல் அளிக்கப்பட்ட வாக்குறுதியை நினைவூட்டிப் பேசினார். 1959 மே 29ஆம் திகதி, ஏழு சொற்களை மீண்டும் சேர்க்கும் பிரேரணைக்கு ஆதரவாக 201 வாக்குகளும் எதிராக 265 வாக்குகளும் கிடைத்தன. 1945ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் திரும்பும் பிரேரணைக்கும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. ஜூலை 5ஆம் திகதி சுகர்னோ சபையைக் கலைத்து, பழைய சட்டத்தை ஆணை மூலம் மீண்டும் நடைமுறைப்படுத்தினார். ஜகார்த்தா சாசனம் அச்சட்டத்துக்கு உயிரூட்டுகிறது என்றும் அந்த ஆணையில் எழுதினார். அது சட்டமா, ஆறுதலா என்பது குறித்து அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர்.

சுகர்த்தோவின் ஆட்சி 1998இல் வீழ்ந்த பின்னர் இஸ்லாமியக் கட்சிகள் சில இவ்விடயத்தை மீண்டும் எழுப்பின. 2002இல் அம்முயற்சி கைகூடவில்லை. நஹ்ததுல் உலமா, முஹம்மதிய்யா ஆகிய இரு பேரியக்கங்களின் தலைமைகளே அதை ஆதரிக்கவில்லை. ஆச்சே மாநிலம் மட்டும் தனிச்சட்டங்கள் மூலம் ஷரீஆவை நடைமுறைப்படுத்தும் அதிகாரத்தைப் பெற்றுள்ளது.

கி பாகுஸை 2015இலும் கஸ்மானை 2018இலும் அந்நாட்டரசு தேசிய வீரர்களாகப் பிரகடனம் செய்தது. ஜகார்த்தா சாசனத்தில் கையொப்பமிட்ட ஒன்பது பேருள், அந்த ஏழு சொற்களுக்காக வாதாடிய அப்துல் கஹார் முஸக்கிருக்கும், குழுவில் இருந்த ஒரே கிறிஸ்தவரான மராமிஸுக்கும் 2019ஆம் ஆண்டு ஒரே நாளில் அந்த விருது வழங்கப்பட்டது.