பனி இல்லேன்னா என்ன, மணல் இருக்கே!

போன எபிசோட்ல கனடா நண்பர் ஸ்னோமொபைல்ல போய் போட்டோ எடுத்த கதையைச் சொன்னதும், "அல் கோபார்ல உட்கார்ந்துகிட்டு பனிக்கு எங்கய்யா போறது?"ன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. தெற்கே ஹாஃப் மூன் பே வரைக்கும் போனாப் போதும். வாடகைக்கு குவாட் பைக், மணல் மேடு, டிசம்பர் வெயில். கேமராவுக்குப் பனியும் மணலும் ஒரே தலைவலிதான்.

கேமராவுக்குள்ள இருக்கிற மீட்டர், எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாத்தான் நினைச்சுக்கும். படம் முழுக்க வெளிர் மணல் நிறைஞ்சிருந்தா, வெளிச்சம் கூடிப்போச்சுன்னு தப்புக் கணக்குப் போட்டு எல்லாத்தையும் இருட்டாக்கிடும். அம்மா விசிட் விசாவுல வந்தப்போ நான் பட்ட பாடு இதுதான். மேட்டு உச்சியில, சேலையை இடுப்புல செருகிக்கிட்டு, குவாட் பைக் மேல ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. நாற்பது படம் எடுத்தேன். மணல் சிமெண்ட் கலர், அம்மா முகம் வெறும் நிழல். எடிட் பண்ணி வெளிச்சத்தைக் கூட்டினா ஒரே புள்ளி புள்ளியா வருது. ஊர்ல ஃப்ரேம் போட ஒண்ணுகூடத் தேறலை.

அன்னைக்குச் செஞ்சிருக்க வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. போன் திரையில முகத்து மேல விரலை அழுத்திப் பிடிச்சா ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும். பெரும்பாலும் அதுவே போதும். போதலைன்னா பக்கத்துல வர்ற சூரியக் குறியை மெல்ல மேலே இழுங்க. தனிக் கேமரான்னா எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மணலுக்கு +0.7 இல்ல +1, பனிக்கு +2 வரைக்கும் வைக்கலாம்.

அடுத்தது நேரம். டிசம்பர்ல இங்க அஞ்சு மணிக்கு முன்னாடியே சூரியன் இறங்கிடும். ஜும்ஆ முடிச்சு, பிரியாணி சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டுக் கிளம்பினா போய்ச் சேர்றப்போ இருட்டிடும். மூணரைக்கே அங்க இருங்க. சாய்ஞ்ச வெயில் பக்கவாட்டுல விழறப்பதான் மணலோட வரி வரியான அலை தெரியும்.

சக்கரம் வாரியடிக்கிற மணல் அப்படியே உறைஞ்சு நிக்கணும்னா ஷட்டர் 1/1000. வேகம் தெரியணும்னா 1/60 வெச்சு, வண்டியோடவே கேமராவைத் திருப்பிக்கிட்டு எடுங்க. பத்துல ஒண்ணு தேறும். ஆனா மேட்டு உச்சிக்கு நேர் பின்னாடி மட்டும் நிக்காதீங்க. அந்தப் பக்கத்துலேருந்து ஏறி வர்றவனுக்கு நீங்க தெரியவே மாட்டீங்க.

ஹேண்டில்பார்ல போனை மாட்டி வீடியோ எடுக்கிற ஆசையும் வேண்டாம். லென்ஸை ஆடாமப் பிடிக்கிற நுண்ணிய பாகங்கள் எஞ்சின் அதிர்வுல கெட்டுப்போகலாம்னு ஆப்பிளே 2021-ல எச்சரிச்சிருக்கு. நண்பர் கையில கொடுத்து எடுக்கச் சொல்லுங்க.

திரும்பி வந்ததும் லென்ஸைச் சட்டை நுனியால துடைக்காதீங்க, மணல் கண்ணாடியைக் கீறிடும். முதல்ல ரப்பர் புளோயரால ஊதிட்டு, அப்புறம் துணி.