வேலி போட்ட பசி

1969 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பெத்தல் என்றொரு ஊர். மாக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரரின் மேய்ச்சல் நிலத்தில் போட்டிருந்த உணவுக் கடைகள் சிலவற்றுக்குக் கூட்டம் தீ வைத்தது. விவகாரம் முக்கால் டாலர். 25 சென்ட்டுக்கு விற்ற ஹாட் டாக்கைக் கடைக்காரர்கள் 1 டாலர் ஆக்கிவிட்டார்கள்.

அந்த இசைவிழாவின் பெயர் வுட்ஸ்டாக். அன்பு, அமைதி, கிடார், சேறு என்றுதான் உலகம் அதை நினைவில் வைத்திருக்கிறது. உணவுக்குப் பொறுப்பேற்ற நிறுவனம்கூட ‘ஃபுட் ஃபார் லவ்’ என்றுதான் பெயர் வைத்திருந்தது. விழாவின் தொடக்க நாளில் காவி உடையில் மேடையில் அமர்ந்து உரையாற்றியவர் கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். அவரையே ஹெலிகாப்டரில்தான் கொண்டுவந்து இறக்க முடிந்தது. சாலைகள் அப்படி அடைத்துக்கிடந்தன. சாமியாரே வந்து சேர முடியாத இடத்துக்கு ரொட்டி லாரி எங்கே வரும்?

இதில் ஒரு விசித்திரம் உண்டு. விழா நடக்கும் இடம் கடைசி நேரத்தில் மாறியதால், அமைப்பாளர்களுக்கு மேடையைக் கட்டி முடிக்கவே நேரம் போதவில்லை. வேலி அரைகுறையாக நின்றுபோனது. லட்சக்கணக்கானோர் டிக்கெட் இல்லாமல் நடந்து உள்ளே வந்தார்கள். வேறு வழியின்றி, விழா எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்தார்கள். இசை இலவசமான அதே இடத்தில், அதே வார இறுதியில், ரொட்டியின் விலை நான்கு மடங்கானது. டிக்கெட்டுக்கான வேலி இல்லை. பசிக்கான வேலி இருந்தது. மைல் கணக்கில் நகராமல் நின்ற கார்கள்தான் அந்த வேலி.

இசைவிழா உணவின் விலையைப் புரிந்துகொள்ள இந்த வேலி ஒன்று போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. மாவு விலை, எண்ணெய் விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாதாரண நாளில் தெருவில் ஒரு கடைக்காரர் விலையைக் கூட்டினால், நாம் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவோம். அந்தப் ‘பக்கத்துக் கடை’ எத்தனை தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான் அவரால் விலையைக் கூட்ட முடியும். விழா மைதானத்தில் பக்கத்துக் கடை வேலிக்கு வெளியே இருக்கிறது. வெளியே போனால் பல இடங்களில் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும், பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும் நேரத்தில் நீங்கள் கேட்க வந்த பாட்டு முடிந்திருக்கும். ஆக, உள்ளே ஒரு தட்டு உணவின் விலை, வெளியே போய்வருவதால் நீங்கள் இழப்பதன் மதிப்பு வரைக்கும் ஏறலாம். சமைத்தவருக்கு ஆன செலவு அந்த விலைக்கு அடித்தளம் மட்டும்தான். கூரையைப் போடுவது வேலி.

உள்ளேதான் 10 கடை, 50 கடை இருக்கின்றனவே, அவர்களுக்குள் போட்டி இருக்காதா என்று கேட்கலாம். இருக்கும். ஆனால் எத்தனை கடைகள், யார் யார், எவ்வளவு வாடகை என்று முடிவு செய்பவர் ஒருவர்தான், அமைப்பாளர். நம் ஊர்த் திருவிழாவில் தரைவாடகை கட்டிக் கடை போட்டவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். திருவிழாக் கடைக்காரர் காசு எண்ணுவதைப் பார்த்து, நல்ல லாபம் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் கல்லாவைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். பின்வரும் எண்கள் என் கற்பனை. கணக்கின் போக்கு மட்டும் உண்மை.

பத்து டாலருக்கு ஒரு தட்டு விற்கிறார். அதில் 3 டாலர், இட வாடகையாகவோ விற்பனைப் பங்காகவோ அமைப்பாளருக்குப் போகிறது. சரக்குக்கு 3 டாலர். வேலையாட்களின் கூலி, அவர்கள் தங்க இடம், வந்துபோகும் செலவு என்று 2 டாலர். ஜெனரேட்டர் வாடகை, டீசல், உரிமம், காப்பீடு என்று இன்னொரு டாலர். மிஞ்சுவது 1 டாலர். மழை பெய்தால் அதுவும் போச்சு. தெருமுனை ஓட்டல் தன் அடுப்புக்கும் மேசைக்கும் போட்ட முதலை ஆண்டு முழுக்கப் பரப்பி எடுக்கிறது. விழாக் கடைக்காரருக்கு இருப்பது மூன்று நாள். கட்டி, நடத்தி, பிரித்துக்கொண்டு போவதற்கான செலவு முழுவதும் ஏறக்குறைய 30 மணி நேர விற்பனையின் தலையில் ஏறுகிறது.

அந்த 30 மணி நேரமும் சீராக விற்பதில்லை என்பது இன்னொரு கொடுமை. மேடையில் பெரிய பாடகர் இருக்கும்போது கடைவாசல் காலி. அவர் இறங்கி அடுத்தவர் ஏறும் இருபது நிமிடத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பசிக்கிறது. மாலை நேரத்தில் எகிறும் மின் தேவைக்காகவே, நாள் முழுக்கச் சும்மா நிற்கும் மின்நிலையங்களை வைத்துப் பராமரிக்க வேண்டியிருக்கிறது அல்லவா, அதே கதை. அந்த இருபது நிமிடத்துக்காக நான்கு அடுப்பும் எட்டு ஆளும் தேவை. மற்ற நேரத்தில் அவர்கள் ஈ ஓட்டினாலும் கூலி ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, அமைப்பாளர் ஏன் இவ்வளவு கேட்கிறார்? பேராசை என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் கையிலிருந்து பணம் போகும் திசையையும் பார்க்க வேண்டும். இசைத்தட்டு விற்ற காலத்தில், தட்டு விற்பதற்கான விளம்பரம்தான் கச்சேரி. 1999இல் நாப்ஸ்டர் வந்து பாட்டை இணையத்தில் இலவசமாக்கியது. அதன்பின் நிலைமை தலைகீழானது. இன்று பாட்டுதான் விளம்பரம், கச்சேரிதான் வருமானம். எனவே பெரிய கலைஞர்களின் சம்பளம் ஏறியபடி இருக்கிறது. பிரின்ஸ்டன் பொருளியலாளர் ஆலன் க்ரூகர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவருக்கு முன்பே, 1966இல், வில்லியம் பௌமோல், வில்லியம் போவன் என்ற இருவர் கலைத்துறையின் செலவு ஏன் ஓயாமல் ஏறுகிறது என்று ஒரு நூல் எழுதினார்கள். பீத்தோவனின் நால்வர் இசையை வாசிக்க அன்றைக்கும் நான்கு பேர் வேண்டும், இன்றைக்கும் நான்கு பேர் வேண்டும், நேரமும் குறையாது. தொழிற்சாலையில் ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் செய்யும் பொருளின் அளவு பெருகிக்கொண்டே போக, வயலின்காரர் அதே இடத்தில் நிற்கிறார். ஆனால் கூலி மட்டும் நாட்டின் கூலியோடு சேர்ந்து ஏறியாக வேண்டும். கூடாரத்தில் பீட்சா மாவு தட்டுபவருக்கும் இது பொருந்தும். மேடையிலும் அடுப்படியிலும் ஒரே நோய்தான். 2022இல் உக்ரைன் போர் சூரியகாந்தி எண்ணெய், கோதுமை, டீசல் மூன்றையும் ஒன்றாக உயர்த்தியபோது நோயோடு காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

டிக்கெட்டிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, உணவை நியாயமான விலைக்கு விற்றால் என்ன? இங்கேதான் திரையரங்குப் பாப்கார்ன் வருகிறது. வெஸ்லி ஹார்ட்மன், ரிகார்ட் கில் என்ற ஆய்வாளர்கள் ஸ்பெயின் நாட்டுத் திரையரங்குகளின் கணக்கைப் புரட்டி, 2009இல் ஒரு விடை சொன்னார்கள். கூட்டம் குறைந்த வாரங்களில், வந்தவர் தலைக்குத் தின்பண்டச் செலவு கூடியிருந்தது. எப்படியும் படம் பார்த்தே தீருவேன் என்று வருபவர்தான் பாப்கார்னுக்கும் தாராளமாகக் காசு கொடுப்பவர். ஆக, டிக்கெட்டை மலிவாக வைத்துக் கூட்டத்தைக் கூட்டி, கூடுதலாகக் கொடுக்கக்கூடியவரிடம் பாப்கார்னில் வாங்கிக்கொள்வது அரங்குக்கு லாபம். விழாவுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். டிக்கெட் விலையை எல்லோரும் அலசுவார்கள், திட்டுவார்கள். உள்ளே நூடுல்ஸ் என்ன விலை என்று கேட்டுவிட்டு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

நம் மனமும் இதற்கு உடந்தை. பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985இல் எழுதிய கட்டுரையில் ஒரு கேள்வி வைத்தார். கடற்கரையில் வெயிலில் கிடக்கிறீர்கள், ஒரு பீர் குடித்தால் தேவலை. நண்பர் வாங்கிவரப் போகிறார். அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள்? வாங்கப்போவது சொகுசு விடுதியில் என்று சொன்னபோது நடுத்தர விடை 2.65 டாலர். அழுக்கடைந்த மளிகைக் கடையில் என்று சொன்னபோது 1.50. பீர் ஒன்றுதான், குடிக்கும் மணலும் ஒன்றுதான். இங்கே இந்த விலைதான் இருக்கும் என்று மனம் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது பல பெரிய விழாக்களில் காசும் கிடையாது, மணிக்கட்டில் கட்டும் பட்டைதான். அதைத் தட்டினால் போதும். 2001இல் வெளியான ஓர் ஆய்வில் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இருவர் மாணவர்களிடையே கூடைப்பந்து டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். ரொக்கம் கொடுக்க வேண்டியவர்களைவிட கடன் அட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். கைக்காசு போகும் வலி அட்டையில் தெரிவதில்லை. பட்டையில் இன்னும் தெரியாது என்பது என் அனுமானம்.

இன்னொரு வேடிக்கை. அவ்வளவு கொடுத்து வாங்கியதன் சுவையும் இரைச்சலில் மாறிவிடுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015இல், விமானத்துக்குள் கேட்பது போன்ற சுமார் 85 டெசிபல் இரைச்சலைக் காதில் போட்டுச் சுவைக்கச் சொன்னார்கள். இனிப்பு மங்கியது, தக்காளி, காளான், பாலாடைக்கட்டியில் இருக்கும் உமாமி என்ற சுவை தூக்கலாகத் தெரிந்தது. விழா மேடை ஒலிபெருக்கி அதைவிடச் சத்தமானது. ஐஸ்கிரீமைத் தள்ளிவிட்டுப் பீட்சா வாங்குவது அங்கே கொஞ்சம் புத்திசாலித்தனமாக இருக்கலாம்.

எவ்வளவுதான் உடந்தையாக இருந்தாலும் மனத்துக்கு ஓர் எல்லை உண்டு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், தேலர் மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கனடா மக்களிடம் தொலைபேசியில் கேட்டார்கள்: 15 டாலருக்குப் பனி அள்ளும் மண்வெட்டி விற்ற கடைக்காரர், பெரும் பனிப்புயல் அடித்த மறுநாள் காலையில் 20 டாலர் ஆக்குகிறார், நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். செலவு கூடியதால் விலை கூடினால் முணுமுணுப்போடு பொறுத்துக்கொள்கிறோம். என் அவசரத்தைப் பார்த்து விலை கூடினால் ரத்தம் கொதிக்கிறது.

அந்தக் கொதிப்பு எதுவரை போகும் என்பதற்கு 1999 ஜூலை சாட்சி. வுட்ஸ்டாக்கின் முப்பதாம் ஆண்டு விழாவை நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்ற ஊரின் மூடப்பட்ட விமானப்படைத் தளத்தில் வைத்தார்கள். 1969இல் விட்ட தவறை இம்முறை விடவில்லை, சுற்றிலும் உறுதியான வேலி. யாஸ்கர் பண்ணையில் புல்லாவது இருந்தது. இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் தார், கான்கிரீட். வெப்பம் 38 டிகிரியை ஒட்டி நின்றது. கொண்டுவந்த தண்ணீரையும் உணவையும் வாசலில் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே ஒரு பாட்டில் தண்ணீர் 4 டாலர், பீட்சா 12 டாலர். இலவசக் குழாய்கள் இருந்தன; வரிசை நீண்டு, பொறுமையிழந்தவர்கள் குழாயை உடைக்க, தண்ணீர் சேறானது. தாகத்தை வாசலில் தயாரித்து உள்ளே விற்றார்கள் என்றுதான் சொல்வேன். ஞாயிறு இரவு, அமைதி வேண்டி ஏற்றக் கொடுத்த மெழுகுவத்திகளே நெருப்புக்கு உதவின. கடைகள் சூறையாடப்பட்டன, வேலியின் பலகைகளைப் பிடுங்கி எரித்தார்கள். கழிப்பறைச் சீர்கேடு, போதாத பாதுகாப்பு என்று காரணங்கள் வேறு பலவும் உண்டு. ஆனால் அங்கே போய்வந்தவர்கள் பாட்டை மறந்தாலும் அந்த 4 டாலரை மறக்கவில்லை.

வேலி இருந்தால் விலை ஏறியே தீர வேண்டும் என்று விதியில்லை. 2017இல் அட்லாண்டாவில் புது விளையாட்டரங்கம் திறந்தபோது, அங்கே ஆடும் அணியின் உரிமையாளர் ஆர்தர் பிளாங்க் உணவு விலையைப் பாதியாக வெட்டினார். ஹாட் டாக் 2 டாலர்; மறுபடி மறுபடி நிரப்பிக்கொள்ளும் குளிர்பானமும் 2 டாலர். வரியையும் சேர்த்து முழு டாலராக விலை வைத்ததால் சில்லறைத் தொல்லையில்லை, வரிசை வேகமாக நகர்ந்தது. அந்தப் பருவத்தில் ஒரு ரசிகரின் சராசரி உணவுச் செலவு 16 சதவீதம் கூடியது. ஒன்று வாங்கத் தயங்கியவர்கள் இரண்டு வாங்கினார்கள், சீக்கிரமே வந்து அமர்ந்தார்கள். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் முகாமடிப்பவர்கள் உணவைக் கையோடு கொண்டுவரலாம். 2019 முதல் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரை அங்கே விற்பதே இல்லை, பாட்டிலை நிரப்பக் குழாய்கள் வைத்திருக்கிறார்கள்.

நம் சென்னை மார்கழி இசைவிழாவின் சபா கேண்டீன்களுக்கு வேலியே கிடையாது. கச்சேரிக்கு டிக்கெட் வாங்காதவரும் போய் இலை முன் உட்காரலாம். விலை கட்டுப்படியாகாத ரசிகர் தெருவைத் தாண்டி வேறு ஓட்டலுக்கு நடையைக் கட்டலாம். அங்கேயும் விலை ஏறிவிட்டது என்ற புலம்பல் உண்டு, அசோகா அல்வாவைப் பற்றிய விவாதத்தோடு சேர்த்து. ஆனால் அதற்காக யாரும் தீப்பெட்டியைத் தேடியதில்லை.

சென்னைக்கு வெளியே திறந்தவெளிக் கச்சேரி ஒன்றுக்குப் போயிருந்தேன். காவலர் என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, ஏற்கெனவே மலைபோல் குவிந்திருந்த பாட்டில்களின் மேல் எறிந்தார். உள்ளே நான் கொடுத்த விலையை வீட்டில் சொல்லவில்லை.

திரையரங்குகளைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் ஒரு கோடு போட்டது. வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது. பாப்கார்னுக்கு வேலி இருக்கலாம், தண்ணீருக்கு இருக்கக் கூடாது என்ற இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகவே படுகிறது. திறந்தவெளி விழாக்களிலும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த முறை டிக்கெட் எடுக்கும் முன், யார் பாடுகிறார்கள் என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், விதிமுறைகளைக் கடைசி வரை படித்து, காலி பாட்டிலை உள்ளே விடுவார்களா, நிரப்பக் குழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் எதுவும் எழுதியிருக்காவிட்டால், பணம் கட்டுவதற்கு முன்பே அமைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.