ஆனைமலைக் காடுகளும் நல்கை நிதியும்: சேகரங்களுக்குச் சில விளக்கங்கள்

படைப்பைப் பேணுதல் திருச்சபையின் ஊழியத்தில் அடங்கும் என்பதை இன்று நம்மிடையே மறுப்பார் இலர். ஆயினும், சுற்றுச்சூழல் ஞாயிறு ஆசரிக்கப்பட்டு, ஆலய வளாகத்தில் இரண்டொரு மரக்கன்றுகள் நடப்பட்ட பின்பு, சேகரக் குழுவில் ஒரு வினா எழுகிறது. இப்பணியைத் தொடரப் பணம் எங்கிருந்து வரும்? ஆனைமலைப் பகுதியை முன்வைத்து இவ்வினாவுக்கு விடை காண முயல்கிறோம்.

நிதி தருவோரின் பட்டியலைத் திரட்டுவது கடினமன்று. கடினமானது வேறு. நல்கை பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. காடோ ஒரு தலைமுறையில் வளர்வது. இவ்விரு காலக் கணக்குகளுக்கும் இடையிலுள்ள வெளியை எவர் நிரப்புவார் என்பதற்குச் சபை தன்னுள் விடை கண்ட பின்னரே விண்ணப்பம் எழுதப்பட வேண்டும் என்பது நம் கருத்து.

வேதாகமத்தில் நல்கை விண்ணப்பத்திற்கு மிக நெருங்கி வரும் பகுதி நெகேமியாவின் 2ஆம் அதிகாரம் ஆகும். கிஸ்லேவ் மாதத்தில் எருசலேமின் நிலையைக் கேள்வியுற்ற அவர், நிசான் மாதம் வரையில், ஏறத்தாழ நான்கு மாதங்கள், காத்திருந்தே அரசனிடம் பேசுகிறார். காலவரையறை கேட்கப்பட்டபோது அதைச் சொல்ல அவரால் முடிகிறது. நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்கு வழியனுமதிக் கடிதங்களும், அரசனின் வனத்தைக் காத்த ஆசாபுக்கு மரங்களுக்கான கடிதமும் கேட்கிறார். அம்மரம் கோட்டைக் கதவுகளுக்கு, நகர மதிலுக்கு, தாம் தங்கும் வீட்டுக்கு எனப் பயன்பாடும் பிரித்துச் சொல்லப்படுகிறது. காலம், அனுமதி, செலவினம் ஆகிய மூன்றையும் இன்றைய விண்ணப்பப் படிவங்களும் கேட்கின்றன. ஆனால் ஆசாபின் காட்டையே நம்பி வாழ்ந்த மக்கள் இருந்தனரா, அவர்களை எவரேனும் கேட்டனரா என்பதை அந்நூல் கூறவில்லை. இம்மௌனத்தை ஆனைமலையில் பணியாற்றுவோர் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. மழைக்காடு அழிக்கப்பட்டுத் தேயிலையும் காப்பியும் பயிராயின. தோட்டங்களுக்கு நடுவே சோலைத் துண்டுகள் தீவுகளைப்போல எஞ்சின. சுற்றிலும் 2007இல் அறிவிக்கப்பட்ட ஆனைமலைப் புலிகள் காப்பகம் உள்ளது. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1996இல் தொடங்கிய இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் இத்துண்டுகளைச் சீர்ப்படுத்தி வருகிறது. திவ்யா முத்தப்பா, டி. ஆர். சங்கர் ராமன் முதலியோர் இப்பணியில் முன்னிற்பவர்கள். உண்ணிச்செடி முதலான களைகளை அகற்றுதல், மண்ணுக்குரிய மரங்களின் விதைகளைச் சேகரித்து நாற்றங்காலில் வளர்த்தல், நட்டவற்றில் எத்தனை பிழைத்தன என்று எண்ணுதல் எனப் பணி பொறுமையாக நடைபெறுகிறது. நிலம் தோட்டக் கம்பெனிகளுடையது. எனவே கம்பெனிகளோடு உடன்பாடு செய்துகொள்ளப்பட்டது. 7 முதல் 15 ஆண்டுகளுக்கு முன் சீர்ப்படுத்தப்பட்ட இடங்களில், தாமே வளரும்படி விடப்பட்ட இடங்களைவிட மரவகைகளும் சேமிக்கப்பட்ட கரிமமும் மிகுந்திருப்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. எந்த ஒரு நல்கையின் காலவரையறைக்குள்ளும் இவ்விளைவு தோன்றியிராது.

யானைப் பணியும் இத்தகையதே. வால்பாறையில் யானையால் நேர்ந்த உயிரிழப்புகளுள் பல, யானை அருகிலிருப்பதை மனிதர் அறியாமையால் நேர்ந்தவை. இதைக் கண்டறிய ஆண்டுகள் பல சென்றன. அதன் பின்னரே கேபிள் தொலைக்காட்சியிலும் கைபேசிக் குறுஞ்செய்தியிலும் யானை நிற்கும் இடம் அறிவிக்கப்பட்டது. உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகள் நிறுவப்பட்டன. இப்பணிக்காக எம். ஆனந்தகுமாருக்கு 2015இல் பிரிட்டனின் விட்லி விருது, 35,000 பவுண்டுடன், வழங்கப்பட்டது. பணி முன்சென்றது, பெருநிதி பின்வந்தது. நம்மவர் பலர் இவ்வரிசையை மாற்றிவிட விரும்புகின்றனர்.

நிதி தவறான வேலைக்கும் கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 104ஆம் சங்கீதத்தில் உயர்ந்த மலைகளில் அடைக்கலம் பெறும் விலங்குக்கு நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரையாடு என்று பெயரிட்டனர். அப்பெயருடைய உயிரினம் ஆனைமலையின் புல்மலைகளில் இன்றும் வாழ்கிறது. அதனைக் காக்கத் தமிழக அரசு 2022இல் ரூ. 25.14 கோடியில் ஒரு திட்டத்தை அறிவித்தது. வரையாட்டுக்கு வேண்டியது புல்வெளியே. அங்கே மரம் நடுவதற்கென நல்கை பெற்று நட்டால், அடைக்கலத்தையே அழித்தவராவோம். எத்தனை ஆயிரம் கன்றுகள் என்று மட்டுமே கேட்கும் நன்கொடையாளரைக் குறித்து ஆயர்கள் எச்சரிக்கையாயிருத்தல் நலம்.

அடுத்தது நிலம். காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் ஆகியோர் இம்மலைகளின் குடிகள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இவர்களின் கிராம சபைக்குக் காட்டைப் பேணும் உரிமையை வழங்குகிறது. அச்சபையின் இசைவின்றி, வனத்துறையின் அனுமதிக் கடிதம் ஒன்றையே இணைத்து அனுப்பும் விண்ணப்பம் நெகேமியாவின் மௌனத்தையே திரும்பவும் உண்டாக்கும். ஆலய நிலத்திலேயே பணி செய்வதாயினும் ஒரு சிக்கல் உண்டு. தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகள் பொதுவாகத் திருச்சபையின் சொத்துப் பொறுப்புச் சங்கத்தின் பெயரிலேயே உள்ளன. சேகரம் அவற்றை ஆளுகிறது, உரிமை கொண்டிருப்பதில்லை. உரிமையாளரின் ஒப்புதலைக் கேட்கும் நிறுவனத்திற்குச் சேகரத்தின் தீர்மானம் மட்டும் போதாது.

இனி நிதி கிடைக்குமிடங்கள். அண்மையிலிருப்பதை முதலில் நாடுவதே அறிவுடைமை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி, வரையறுக்கப்பட்ட அளவை எட்டிய கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழல் அதில் அடங்கும். கோவை, பொள்ளாச்சி வட்டாரத்தின் மில்களும் பம்புத் தொழிற்சாலைகளும் நமக்கு அயலார் அல்லர். அவற்றில் வேலை செய்வோர் நம் ஆலயங்களில் அமர்ந்திருக்கின்றனர். ஆனால் பணத்தைப் பெற்றுச் செலவிடும் அறநிறுவனம் மூன்றாண்டு அனுபவமும் மத்திய அரசின் கம்பெனித் துறையிடம் பதிவும் உடையதாக வேண்டும். சமயப் பணிக்கு இந்நிதி உதவாது. அரசுத் துறையில், 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக்க முனைகிறது. நபார்டு வங்கி உலகத் தழுவல் நிதிக்கும் பசுமைக் காலநிலை நிதிக்கும் இந்தியாவில் அங்கீகாரம் பெற்றது. எனினும் அத்தொகைகள் ஒரு சேகரத்தின் அளவுக்குரியவை அல்ல. 1992இல் தொடங்கிய உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு நல்கைத் திட்டம், நெடுங்காலம் ஒரு பணிக்கு 50,000 டாலர் வரை வழங்கியது. மக்கள் குழுக்களுக்கு இது ஏற்றது. ஜெர்மானியத் திருச்சபைகளின் ‘உலகுக்கு அப்பம்’ நிறுவனம் 1959 முதல் இயங்குகிறது. காலநிலைப் பணிகளுக்கும் உதவுகிறது.

அயல்நாட்டு நிதியில் பழைய வழக்கத்தை நம்பியிருப்போர் இடறுவர். 2020ஆம் ஆண்டுத் திருத்தம், அயல்நாட்டு நன்கொடையை ஒரு நிறுவனம் வேறொன்றுக்கு மாற்றிக் கொடுப்பதைத் தடுத்தது. பேராயம் பெற்றுத் தனிப் பதிவுடைய சிறு சங்கங்களுக்குப் பகிர்ந்தளித்த முறை இதனால் முடிவுற்றது. நிர்வாகச் செலவு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. பணம் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கிலேயே வந்து சேர வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. புதிதாகப் பதிவு கோரும் நிறுவனம் மூன்றாண்டுகளில் 15 இலட்சம் ரூபாய் தன் பணியில் செலவிட்டிருக்க வேண்டும் என்பதும் 2020ஆம் ஆண்டு விதி. நேற்றுத் தோன்றிய சங்கம் இன்று அயல்நாட்டு நிதியைக் கேட்கும் காலம் போயிற்று. இதனைக் குறித்து நாம் பெரிதும் வருந்தவில்லை. சிறு சங்கங்கள் இதனால் பட்ட இடர் மட்டும் மெய்யானது.

எருசலேம் சபைக்கான காணிக்கையைக் கொண்டு செல்லும்போது, பவுல் சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரை உடனனுப்பினார். மனிதர் முன்னும் குற்றமற்றிருப்பதே அவர் நோக்கம் என்பதை 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம் விளக்குகிறது. ஆகவே கணக்கு எழுதுவதை ஊழியத்திற்குப் புறம்பான சுமையாகக் கருதும் ஆயரோடு நாம் உடன்படுவதற்கில்லை. அயல்நாட்டு நன்கொடைக்கான பதிவுடைய நிறுவனம், அவ்வாண்டு ஒரு ரூபாயும் வராவிடினும், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள், அதாவது டிசம்பர் 31க்குள், ஆண்டறிக்கை அளிக்க வேண்டும். அந்நாள் கிறிஸ்து பிறப்பின் ஆராதனைகளுக்கும் விழிப்பிரவு ஆராதனைக்கும் நடுவே வருவதால், ஆயருக்கு அப்போது ஓய்வே கிடையாது. ஏடுகளை அக்டோபர் மாதத்திலேயே தணிக்கையாளரிடம் ஒப்படைத்துவிடுவது நலம்.