நாமளே சஸ்பென்ஷன் மாத்தினோம், அப்புறம் வந்தது மூணு சத்தம்

போன செமஸ்டர் லீவுல ஈரோட்டில் மாமா வீட்டு வாசலில் வைத்து அவரோட பழைய ஹேட்ச்பேக்குக்கு முன்பக்க ஸ்ட்ரட் ரெண்டு, லோயர் ஆர்ம் ரெண்டு மாத்தினோம். நானும் என் ரூம்மேட்டும். ரெண்டு நாள் வேலை, ஏகப்பட்ட கிரீஸ், ஒரு கிழிஞ்ச சட்டை. மூணாவது நாள் மாமா ஓட்டிப் பார்த்துட்டு வந்து இறங்கினார். "மாப்ள, முன்னாடி ஒரு சத்தம்தான் வந்துச்சு. இப்ப மூணு சத்தம் வருதே?"

மூணு சத்தம் மட்டும் இல்ல. வண்டி இடது பக்கம் இழுத்தது. ஸ்டியரிங் நேரா இல்ல. வர்ற சனிக்கிழமை அவர் குடும்பத்தோட ஏற்காடு கிளம்பறதா பிளான். சேலத்துல இருந்து ஏறினா 20 கொண்டை ஊசி வளைவு. அத்தையும் ரெண்டு குட்டிப் பசங்களும் அந்த வண்டியில்.

எங்க முதல் யோசனை என்ன தெரியுமா? "புது ஸ்ட்ரட்டே டூப்ளிகேட் போல, வேற வாங்கலாம்". வேலை செஞ்ச எல்லாருக்கும் வர்ற யோசனைதான் இது. நம்ம கை தப்பு பண்ணியிருக்கும்னு மனசு ஒத்துக்காது. ஆனா வண்டியில் நேத்து இல்லாத சத்தம் இன்னைக்கு வருதுன்னா, நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல மாறினது நாம தொட்ட இடம் மட்டும்தான். அதனால காசை எடுக்கறதுக்கு முன்னாடி நோட்டை எடுத்தோம். கழட்டி மாட்டின ஒவ்வொரு நட்டு போல்ட்டையும் எழுதினோம். மேல் மவுன்ட்டில் 3, நடுவுல ராடு நட்டு 1, ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் சேர்க்கறது 2, பால் ஜாயிண்ட் போல்ட் 1, லோயர் ஆர்மில் 2, லிங்க் ராடு 1. ஒரு பக்கத்துக்கு 10, ரெண்டு பக்கமும் 20. வீல் நட்டு தனி.

அடுத்து, சத்தம் "எங்க" வருதுன்னு தேடறதை விட்டுட்டு "எப்ப" வருதுன்னு பார்த்தோம். இரும்பு பாடி முழுக்க சத்தத்தைக் கடத்தும். வலது பக்கம் தட்டினா இடது காலடியில் கேட்கும். காதை நம்பினா அரை நாள் போயிடும். நேரம் பொய் சொல்லாது.

முதல் சத்தம், வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினா "டொய்ங்". ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டு, சட்டுனு விடுபடற சத்தம். பானெட்டைத் திறந்து ஒருத்தர் மேல் மவுன்ட் மேல கை வைக்க, இன்னொருத்தர் ஸ்டியரிங்கை மெதுவாத் திருப்பினா கையிலேயே அந்த உதறல் தெரியும். மவுன்ட் பேரிங் தலைகீழா மாட்டியிருக்கலாம், இல்லன்னா ஸ்பிரிங்கோட கீழ் முனை அதுக்கான படியில் உட்காராம இருக்கலாம். எங்களுக்கு ரெண்டாவது. திரும்பக் கழட்டித்தான் ஆகணும். அதை மட்டும் நாங்க செய்யல, ஸ்ட்ரட்டைக் கழட்டி ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போயிட்டோம். ஏன்னு கணக்குல பாருங்க: மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கை 150 மி.மீ. அமுக்கினா உள்ள இருக்கற ஆற்றல் 225 ஜூல். 23 கிலோ மூட்டை ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விழற அடி. வாடகை கம்ப்ரசர் ஒரு பக்கம் வழுக்கினா அது நம்ம முகத்துக்கு நேரா வரும்.

ரெண்டாவது சத்தம், சின்னச் சின்னப் பள்ளத்தில் "டக் டக்". பெரிய ஸ்பீடு பிரேக்கரில் வராது, உடைஞ்ச தார் ரோட்டில் மட்டும் வரும். இதுக்கு ராடு நட்டையும் லிங்க் ராடையும் சந்தேகப்படணும். ரெண்டு வீலும் ஒண்ணா ஏறி இறங்கினா ஸ்டெபிலைசர் பார் முறுக்காது, லிங்க்குக்கு வேலையே இல்ல. ஒரு வீல் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது சத்தம் அதிகமானா லிங்க் பக்கம் போகலாம். எங்க கேஸில் லிங்க் நட்டு அரைச் சுத்து லூஸ். டைட் பண்ணினதும் அடங்கிடுச்சு. (ஸ்ட்ரட்டைப் படுக்க வெச்சு வாங்கிட்டு வந்து, நிமிர்த்தி நாலஞ்சு தடவை முழுசா அமுக்கி இழுக்காம மாட்டினாலும் உள்ளே காத்து நின்னு கொஞ்ச தூரம் தட்டும். அது தானா போயிடும்.)

மூணாவதுதான் எங்களைப் பயமுறுத்தினது. முன்னாடி போய் பிரேக் பிடிச்சா ஒரு "டொக்". திரும்ப முன்னாடி போய்ப் பிடிச்சா சத்தம் இல்ல. ரிவர்ஸ் எடுத்துப் பிடிச்சா மறுபடி "டொக்". அப்புறம் முன்னாடி ஒரு தடவை. யோசிச்சுப் பாருங்க, திசை மாறும்போது மட்டும் ஒரே ஒரு தட்டு. ஏதோ ஒண்ணு பின்னாடி நகர்ந்து உட்காருது, எதிர்த் திசையில் இழுத்தாத்தான் திரும்பி வருது. அப்படின்னா முன்பின்னா அசையற இடைவெளி எங்கயோ இருக்கு. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், பிரேக் காலிப்பர், இந்த மூணுல ஒண்ணு. காலிப்பரை நாங்க தொடவே இல்ல.

லிஸ்ட்டை வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணுலயும் ஸ்பேனர் போட்டோம். சரியா இருக்கறதுக்கு நெயில் பாலிஷில் ஒரு கோடு. பதினேழாவது போல்ட், வலது பக்க பால் ஜாயிண்ட். ஸ்பேனர் போட்டதும் வெண்ணெய் மாதிரி சுத்துச்சு. கையால திருகினதோட நின்னிருக்கு. ரூம்மேட் ஒரு வார்த்தையும் பேசல. மலைப்பாதையில் அது கழண்டிருந்தா வீல் பக்கவாட்டில் மடிஞ்சிருக்கும், ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் பிரயோஜனமில்ல.

எப்படி விட்டோம்? முதல் நாள் சாயந்திரம் மழை. இடது பக்கம் முழுசா முடிஞ்சிருந்தது. வலது பக்கம் எல்லா போல்ட்டையும் கையால மாட்டி, வீலைப் போட்டு, காரை இறக்கி போர்டிகோவுக்குள்ள தள்ளினோம். மறுநாள் ரெண்டு முன் வீலையும் பலகை மேல ஏத்தி, கீழே படுத்து டைட் பண்ணினோம். அப்ப விட்டுப்போனது அந்த ஒண்ணு.

ஆனா அதே மழை ஒரு நல்லதும் செஞ்சிருந்தது. அது எங்களுக்கு டேப் எடுத்து அளந்தப்பதான் தெரிஞ்சுது. வீல் நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளந்தா, இடது பக்கம் வலதை விட 8 மி.மீ. உயரம். ரெண்டும் ஒரே கடை, ஒரே பெட்டி ஸ்ட்ரட். ஜாக்கியில் இருந்து இறக்கின உடனே அளந்தா டயர் பிடிச்சுக்கிட்டு வண்டி தூக்கலாத்தான் நிற்கும், அதனால முன்னும் பின்னும் தள்ளி உருட்டிட்டு மறுபடி அளந்தோம். அதே 8.

பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் குனிஞ்சு பார்த்துட்டு கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, வீல் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை முறுக்கிட்டீங்களா?"

லோயர் ஆர்ம் புஷ் பேரிங் மாதிரி சுத்தற சாமான் இல்ல. உள் குழாயை போல்ட் பாடியோட இறுக்கிடும், வெளிக் குழாய் ஆர்மோட போகும், நடுவுல ஒட்டியிருக்கற ரப்பர்தான் முறுக்கி முறுக்கித் திரும்பும். ரப்பர் எந்த நிலையில் முறுக்கில்லாம இருக்கணும்ங்கறதை நாம போல்ட்டை டைட் பண்ற நிமிஷம்தான் முடிவு பண்ணுது. ஆர்ம் நீளம் 350 மி.மீ., தொங்கும்போது வீல் 80 மி.மீ. கீழே இறங்கியிருக்குன்னு வைங்க. கோணம் கிட்டத்தட்ட 13 டிகிரி. அந்த நிலையில் இறுக்கினா, வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே ரப்பர் 13 டிகிரி முறுக்கிக்கிட்டு நிற்கும். வண்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், பள்ளத்தில் விறைப்பா இருக்கும், கொஞ்ச நாளிலேயே ரப்பர் கிழியும். அப்ப நாம "புஷ் தரமில்ல"ன்னு கடைக்காரரைத் திட்டுவோம்.

எங்க வலது பக்கம் மழையால் எடை வீல் மேல நிற்கும்போது டைட் ஆனது, இடது பக்கம் அந்தரத்தில் தொங்கும்போது டைட் ஆனது. சரிபண்றது சுலபம். மறுபடி வீலைப் பலகையில் ஏத்தி, இடது ஆர்ம் போல்ட் ரெண்டையும் லூஸ் பண்ணி, பானெட்டை நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, டார்க் ரெஞ்சில் சர்வீஸ் மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கினோம். வித்தியாசம் 1 மி.மீ. ஆயிடுச்சு. ரப்பர் இன்னும் கிழியாததால தப்பிச்சோம்.

கடைசியா அந்த இழுவை. நம்ம ஊர் ரோடு ஓரமா சரிஞ்சிருக்கும், கொஞ்சம் இடது பக்கம் போறது சகஜம். அதனால சமதளமான மைதானத்தில் பார்த்தோம், அங்கயும் இழுத்தது. முன் டயர் ரெண்டையும் பக்கம் மாத்திப் போட்டோம், இழுவை பக்கம் மாறல, அப்ப டயர் காரணமில்ல. ஓட்டி முடிச்சு வீல் கிட்ட கை கொண்டுபோனா ரெண்டும் ஒரே சூடு, பிரேக் பிடிச்சுக்கல. அப்புறம்தான் அலைன்மென்ட் கடை. இந்த வரிசை முக்கியம். உயரம் மாறினா கோணம் எல்லாம் மாறும், அதனால முதல் நாளே அலைன்மென்ட் போட்டிருந்தா காசு தண்டம்.

பேப்பரில் இடது கேம்பர் பிளஸ் 0.6 டிகிரி, வலது மைனஸ் 0.2. பிளஸ் அதிகமா இருக்கற பக்கம்தான் வண்டி இழுக்கும். ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேர்ற ஓட்டையில் அரை மி.மீ. விளையாட்டு இருக்கும். ரெண்டு போல்ட்டுக்கும் இடையே 55 மி.மீ.ன்னா அந்த அரை மி.மீ.யே அரை டிகிரி! கழட்டும்போது பழைய இடத்தை பெயிண்ட்டில் குறிச்சிருந்தா ஓரளவு அதே இடத்துக்கு வந்திருக்கும், நாங்க குறிக்கல. கடைக்காரர் போல்ட்டை லூஸ் பண்ணி, வீலோட மேல் பக்கத்தை உள்ளே தள்ளிப் பிடிச்சு இறுக்கினார். டோவையும் சரிபண்ணினார், ஸ்டியரிங் நேராச்சு. டோ ஒரு வீலில் 1 டிகிரி தப்பா இருந்தா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 17 மீட்டர் அந்த டயர் பக்கவாட்டில் தேய்ஞ்சுக்கிட்டே வருதுன்னு அர்த்தம்.

சனிக்கிழமை மாமா ஏற்காடு போகல, நான்தான் வேண்டாம்னேன். ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் பவானி வரைக்கும் போயிட்டு வந்து, 20 போல்ட்லயும் நெயில் பாலிஷ் கோடு நகர்ந்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்தோம். நகரல. அடுத்த சனிக்கிழமை வண்டி மலை ஏறுச்சு. ராத்திரி அத்தை போன்ல, பசங்க ரெண்டு பேரும் பதினோராவது வளைவுல வாந்தி எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. அதுக்கு நாங்க பொறுப்பில்ல.